கடலோடியின் சான்றிதழும் கப்பலில் நடக்கும் தவறுகளும்: பெறுவது முதல் பறிபோவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வணிகக் கப்பல்களில் நெடுநாளாக உலவும் நம்பிக்கை ஒன்று உண்டு: கேப்டன் நினைத்தால் ஒருவருடைய பணித்தகுதிச் சான்றிதழைப் பறித்துவிடலாம் என்பது. இளம் மாலுமிகள் பலர் கண்ணெதிரே நடப்பதைப் பார்த்தும் வாய் திறக்காமல் இருப்பதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். உண்மையில் கேப்டனுக்கு அந்த அதிகாரம் இல்லை. கம்பெனிக்கும் இல்லை. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல் சட்ட உடன்படிக்கை, எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத பெருங்கடலில் நேரும் மோதல் போன்ற சம்பவங்களைப் பற்றிப் பேசும் 97ஆம் பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது. சான்றிதழை வழங்கிய நாடு மட்டுமே, முறையான விசாரணைக்குப் பிறகு, அதைத் திரும்பப் பெற முடியும். சான்றிதழ் வைத்திருப்பவர் அந்த நாட்டின் குடிமகனாக இல்லாவிட்டாலும் இதுதான் விதி.

இதற்கு நேரெதிரான நம்பிக்கையும் உண்டு. கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்ததற்கு யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள் என்பது. அதுவும் பொய். ஒரே செயலுக்காக ஒருவர் வேலையை இழக்கலாம், சான்றிதழை இழக்கலாம், சிறைக்கும் போகலாம். இவை மூன்றும் தனித்தனிப் பாதைகள். ஒன்றில் தப்பியவர் இன்னொன்றில் மாட்டிக்கொள்வது இயல்பாக நடப்பதுதான். எந்தப் பாதையில் யாருக்கு அதிகாரம் என்பதைத் தெரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: உங்கள் கப்பலில் எத்தனை நாடுகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள்

ஒரு தாளை எடுத்து நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். கப்பல் எந்த நாட்டின் கொடியைப் பறக்கவிடுகிறது? உங்கள் தகுதிச் சான்றிதழை வழங்கியது எந்த நாடு? உங்களோடு வேலை ஒப்பந்தம் செய்திருக்கும் நிறுவனம் எங்கே பதிவானது? கப்பல் இப்போது யாருடைய கடல் எல்லைக்குள் இருக்கிறது? நான்கு விடைகளும் நான்கு நாடுகளாக இருப்பது அதிசயமில்லை. பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் போன்ற கொடிகளில் ஓடும் கப்பல்களில் அதுதான் வழக்கம்.

2020 ஜூலை 25 அன்று மொரீஷியஸ் கரையருகே பவளப்பாறையில் ஏறிய வகாஷியோ கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் ஜப்பானிய நிறுவனம், கொடி பனாமாவுடையது, கேப்டன் இந்தியர். ஆனால் கேப்டனையும் முதல் அதிகாரியையும் கைது செய்து, 2021 டிசம்பரில் 20 மாதச் சிறைத்தண்டனை விதித்தது மொரீஷியஸ். ஏனென்றால் கப்பல் நின்றது அதன் கடலில்.

பெருங்கடலில் கணக்கு வேறு. அங்கே கப்பலின் மீது கொடி நாட்டுக்கே, அதாவது கப்பல் பதிவான நாட்டுக்கே அதிகாரம். மோதல் போன்ற பயணச் சம்பவங்களுக்காக ஓர் அதிகாரி மீது குற்ற வழக்குத் தொடர கொடி நாட்டாலோ அந்த அதிகாரியின் சொந்த நாட்டாலோ மட்டுமே முடியும். இந்த விதிக்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. 1926இல் லோட்டஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் போஸ்-கூர்ட் என்ற துருக்கியக் கப்பலோடு மோதியதில் எட்டுத் துருக்கியர்கள் இறந்தார்கள். துருக்கி பிரெஞ்சு அதிகாரியைக் கைது செய்து தண்டித்தது. மறுஆண்டு பன்னாட்டு நீதிமன்றம், நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்த நிலையில் தலைவரின் முடிவு வாக்கால், துருக்கிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு கடலோடிகளிடையே கிளப்பிய கவலையே பிற்கால உடன்படிக்கைகளில் விதியைத் தலைகீழாக்கியது.

கரையோர நாட்டின் எல்லைக்குள் கடந்துபோகும்போது அந்த நாட்டுப் போலீஸ் எப்போதெல்லாம் கப்பலேறலாம் என்பதை 1982ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு சொல்கிறது. குற்றத்தின் விளைவு அந்த நாட்டைத் தொடும்போது, போதைப்பொருள் கடத்தலைத் தடுக்க, அல்லது கேப்டனோ கொடி நாட்டுத் தூதரோ உதவி கேட்டால். கடைசியில் சொன்னது முக்கியமானது. கப்பலில் கொடுங்குற்றம் நடந்தால் கேப்டன் கரை நாட்டின் உதவியைக் கேட்கலாம். "அடுத்த துறைமுகம் வரை பார்க்கலாம்" என்பது அவருடைய தேர்வு; சட்டம் அவர் கையைக் கட்டிப்போடவில்லை.

படி 2: எந்தப் பதவிக்கு எந்தச் சான்று

கடலோடிகளின் பயிற்சி, சான்றளிப்பு, வாட்ச் பணி (முறைவைத்துக் கப்பலைக் கண்காணிக்கும் பணி) ஆகியவற்றுக்கான பன்னாட்டு உடன்படிக்கை 1978இல் உருவாகி 1984இல் நடைமுறைக்கு வந்தது. துறையில் எல்லோரும் அதை எஸ்டிசிடபிள்யூ என்றே சொல்கிறார்கள். 1995இலும் 2010இல் மணிலாவிலும் அது பெருமளவு திருத்தப்பட்டது. நாடுகள் இதைவிடக் கடுமையான விதி வைக்கலாம், தளர்வான விதி வைக்க முடியாது.

யாராக இருந்தாலும் முதலில் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி. உயிர்பிழைக்கும் நுட்பங்கள், தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பும் சமூகப் பொறுப்பும் என்று நான்கு பகுதிகள். நான்காவதைப் பலரும் தூங்கிக் கடக்கும் வகுப்பாகவே கருதிவந்தார்கள். 2026 ஜனவரி 1 முதல் அதே பகுதியில், பாலியல் தொல்லை, பாலியல் வன்கொடுமை, மிரட்டல் உள்ளிட்ட வன்முறையைத் தடுப்பதும் அதற்கு எதிர்வினை ஆற்றுவதும் கட்டாயப் பாடமாகிவிட்டன. இனி யாரும் "எனக்குத் தெரியாது" என்று விசாரணையில் சொல்ல இடமில்லை.

வாட்சில் நிற்கும் டெக் மாலுமிக்குக் குறைந்தபட்ச வயது 16. ஆறு மாதக் கடற்பணி வேண்டும். சிறப்புப் பயிற்சி பெற்றிருந்தால் இரண்டு மாதம் போதும். 500 மொத்த டன் அல்லது அதற்கு மேற்பட்ட கப்பலில் பிரிட்ஜ் (கப்பலைச் செலுத்தும் அறை) வாட்ச் அதிகாரியாக 18 வயதும், பயிற்சிப் பதிவேட்டுடன் கூடிய அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தில் 12 மாதக் கடற்பணியும் வேண்டும். அந்தத் திட்டம் இல்லாவிட்டால் 36 மாதம். ஆறு மாதமாவது பிரிட்ஜில் தகுதியுள்ள அதிகாரியின் மேற்பார்வையில் நின்றிருக்க வேண்டும். 3000 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பலில் முதல் அதிகாரியாக, வாட்ச் அதிகாரியாக 12 மாத அனுபவம். கேப்டனாக 36 மாதம். அதில் 12 மாதம் முதல் அதிகாரியாக இருந்திருந்தால் மொத்தம் 24 மாதமாகக் குறையலாம். என்ஜின் பிரிவிலும் இதே போன்ற ஏணிதான். அங்கே அளவுகோல் டன் அல்ல, என்ஜினின் திறன்: 750 கிலோவாட், 3000 கிலோவாட் என்று படிகள் பிரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பயிற்சிப் பதிவேட்டில் செய்யாத பணிக்குக் கையெழுத்து வாங்குவது, கடற்பணி நாள்களைக் கூட்டி எழுதுவது, வகுப்புக்கே போகாமல் சான்று "ஏற்பாடு" செய்வது ஆகியவை எளிதாகத் தோன்றும். ஆனால் மோசடியால் பெற்ற சான்று எத்தனை ஆண்டு கழித்தும் செல்லாததாகலாம். அதன் மேல் கட்டிய உயர் சான்றுகளும் கூடவே சரியும். ஒவ்வொரு நாடும் தான் வழங்கிய சான்றுகளின் பதிவேட்டைப் பராமரித்து, பிற நாடுகளும் கம்பெனிகளும் மின்வழியில் சரிபார்க்க வழி செய்திருக்க வேண்டும். உங்கள் சான்று எண்ணை நீங்களே ஒருமுறை அங்கே தேடிப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் துறைமுக ஆய்வாளர் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் கண்டுபிடிப்பது நல்லது.

அடுத்தது எண்டார்ஸ்மென்ட். வேறு நாட்டுக் கொடியில் அதிகாரியாக வேலை செய்ய, உங்கள் சான்றை அந்தக் கொடி நாடு அங்கீகரித்துத் தனி ஆவணம் தர வேண்டும். விண்ணப்பித்ததற்கான ஆதாரம் கையில் இருந்தால், எண்டார்ஸ்மென்ட் வரும்வரை மூன்று மாதத்துக்கு மிகாமல் பணிபுரிய கொடி நாடு அனுமதிக்கலாம். கொடி நாடு கோபப்பட்டால் திரும்பப் பெறக்கூடியது இந்த எண்டார்ஸ்மென்டைத்தான். மூலச் சான்றைத் தொட அதற்கு உரிமையில்லை. நடந்ததை உங்கள் சான்றை வழங்கிய நாட்டுக்கு எழுதித் தெரிவிக்கலாம், பெரும்பாலும் தெரிவித்துவிடும்.

படி 3: சான்றை உயிரோடு வைத்திருங்கள்

ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல். முந்தைய ஐந்தாண்டில் 12 மாதக் கடற்பணி, அல்லது கடைசி ஆறு மாதத்தில் மூன்று மாதக் கடற்பணி காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தேர்வு, புத்தாக்கப் பயிற்சி போன்ற மாற்றுவழிகள் உண்டு. மருத்துவச் சான்று இரண்டாண்டு செல்லும், 18 வயதுக்குக் கீழே ஓராண்டு. நிறப்பார்வைச் சோதனை ஆறாண்டு. பயணத்தின் நடுவே மருத்துவச் சான்று காலாவதியானால், மருத்துவர் கிடைக்கும் அடுத்த துறைமுகம் வரை, அதுவும் மூன்று மாதத்துக்கு மிகாமல் செல்லும்.

சாப்பிடும் மருந்துகளை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். விபத்துக்குப் பிறகு முதலில் தோண்டப்படுவது அந்தப் படிவம்தான்.

படி 4: கப்பலேறும் முன் கையெழுத்திடுவதைப் படியுங்கள்

2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்ட் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி உங்களுக்கு வேலை ஒப்பந்தத்தின் கையெழுத்திட்ட மூலப்படி ஒன்று கிடைக்க வேண்டும். கப்பலில் புகார் கொடுக்கும் நடைமுறையின் படி ஒன்றும் கிடைக்க வேண்டும். வேலை வாங்கித் தந்ததற்காக ஏஜென்ட் உங்களிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது. மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவை உங்கள் தலையில் வைக்கலாம். விசா செலவு கப்பல் உரிமையாளருடையது. தகுதியுள்ளவர்களுக்கு வேலை கிடைக்காமல் தடுக்கும் கறுப்புப் பட்டியல்களை ஏஜென்டுகள் வைத்திருப்பதையும் அதே உடன்படிக்கை தடை செய்கிறது.

பலருக்குத் தெரியாத ஒரு பாதுகாப்பும் இதில் இருக்கிறது. சைன் ஆஃப் ஆகும்போது, அதாவது பணி முடிந்து கப்பலைவிட்டு இறங்கும்போது, தரப்படும் பணிப்பதிவு ஆவணத்தில் உங்கள் வேலையின் தரம் பற்றியோ சம்பளம் பற்றியோ எதுவும் எழுதக் கூடாது. "மோசமாக எழுதி அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டும் மேலதிகாரிக்கு அங்கே எழுத இடமே இல்லை. கம்பெனியின் உள் மதிப்பீட்டு அறிக்கை வேறு விஷயம், அதில் எழுதுவார்கள்.

ஒப்பந்தத்தோடு கம்பெனியின் நடத்தை விதிகளையும் கேட்டு வாங்குங்கள். மது பற்றிய விதியை இரண்டு முறை படியுங்கள். எஸ்டிசிடபிள்யூ அனுமதிக்கும் உச்சவரம்பு இரத்தத்தில் 0.05 சதவீதம், அல்லது மூச்சில் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம். அமெரிக்காவில் வணிகக் கப்பலுக்கு 0.04 சதவீதம். கம்பெனி "சொட்டுகூடக் கூடாது" என்று வைத்திருந்தால், சட்ட வரம்புக்குள் இருந்தும் வேலை போகும்.

படி 5: எது ஒழுங்கீனம், எது அலட்சியம், எது திறமைக்குறைவு

இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது விசாரணையில் பெரிய சேதத்தை உண்டாக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிகள் இவற்றை நன்றாகப் பிரிக்கின்றன. எழுதப்பட்ட, முறையாக நிறுவப்பட்ட ஒரு விதியை மீறும் நடத்தை ஒழுங்கீனம். நிதானமுள்ள கடலோடி ஒருவர் அதே நிலையில் செய்யாததைச் செய்வதும், செய்திருக்கவேண்டியதைச் செய்யாமல் விடுவதும் அலட்சியம். உடலாலோ மனத்தாலோ தொழில்திறனாலோ கடமையைச் செய்ய இயலாதிருப்பது திறமைக்குறைவு. வாட்சில் குடித்திருந்தது ஒழுங்கீனம். ரேடாரைப் பார்க்காமல் விட்டது அலட்சியம். ரேடாரை இயக்கவே தெரியாதது திறமைக்குறைவு. உங்கள் மீதான குற்றச்சாட்டு எந்தத் தலைப்பில் வருகிறது என்று பார்த்த பிறகே பதில் எழுத வேண்டும்.

அடிதடி, திருட்டு, போதைப்பொருள், கட்டளை மறுப்பு ஆகியவை ஒழுங்கீனம் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் காகிதம். ஓய்வுநேரப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேர ஓய்வு, எந்த ஏழு நாளிலும் 77 மணி நேர ஓய்வு. அதை இரண்டு பகுதிகளுக்கு மேல் பிரிக்கக் கூடாது, அதில் ஒன்று ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். சில கப்பல்களில் தாளில் எல்லாரும் நன்றாகத் தூங்குகிறார்கள். டெக்கில் கண்கள் சிவந்திருக்கின்றன. அந்தத் தாளில் கையெழுத்து உங்களுடையது. மேலதிகாரி சொன்னதால் போட்டேன் என்பது தண்டனையைக் குறைக்கலாம், பொறுப்பை நீக்காது.

எண்ணெய்ப் பதிவேடு இன்னும் ஆபத்தானது. எண்ணெய் கலந்த கழிவுநீரைப் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இல்லாமல் வடிகட்டித்தான் கடலில் விட வேண்டும். வடிகட்டியைத் தவிர்த்து இரகசியக் குழாய் போட்டு இரவில் கொட்டிவிட்டு, பதிவேட்டில் முறைப்படி செய்ததாக எழுதுவது பழைய தந்திரம். கொட்டியது பெருங்கடலில், வேற்றுக் கொடிக் கப்பலில் என்றாலும், அந்தப் பொய்ப் பதிவேட்டோடு அமெரிக்கத் துறைமுகத்துக்குள் நுழைந்தால் பதிவேட்டை வைத்திருந்ததே அங்கே குற்றம். தலைமைப் பொறியாளர்கள் பலர் இதற்காகத் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். தகவல் கொடுத்தவருக்கு அபராதத்தில் பாதிவரை வழங்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. எண்ணெய் துடைக்கும் வைப்பர் ஒருவரின் கைபேசிப் படம் தலைமைப் பொறியாளரின் வாழ்க்கையையே மாற்றிவிடும் இடம் இது. பதவிப்படியை மட்டும் நம்பி வாழ்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

படி 6: சம்பவம் நடந்த அன்றே செய்ய வேண்டியவை

முதலில் உயிர், பிறகு சான்றாதாரம், அதன் பிறகுதான் அறிக்கை.

விபத்து என்றால் பயணத் தரவுப் பதிவுக்கருவியில் பதிவைச் சேமிக்கும் பொத்தானை அழுத்துங்கள். 2014 ஜூலைக்குப் பிறகு பொருத்தப்பட்ட கருவிகள் உள்நினைவகத்தில் 30 நாள் வரை வைத்திருக்கும். பழைய கருவிகளில் 12 மணி நேரம் கடந்தால் மேலெழுதப்பட்டுவிடும். பிரிட்ஜில் பேசிய ஒவ்வொரு சொல்லும் அதில் இருக்கும். உங்களைக் காப்பாற்றக்கூடியதும் அதுவே.

ஒழுங்கீனம் என்றால் கப்பலின் அதிகாரபூர்வ நாளேடான லாக் புத்தகத்தில் பதிவு வேண்டும். பல கொடி நாடுகளின் சட்டத்தில் ஒரே வரிசைதான்: கூடிய விரைவில் எழுத வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவருக்கு வாசித்துக்காட்ட வேண்டும் அல்லது நகல் தர வேண்டும், அவர் சொல்லும் பதிலையும் அதே இடத்தில் பதிய வேண்டும். இதில் ஒன்று விடுபட்டாலும் பின்னாளில் அந்தப் பதிவின் மதிப்புக் குறையும். கேப்டன்களுக்கு ஒரு சொல்: கோபத்தில் எழுதாதீர்கள். "எப்போதும் திமிராக நடந்துகொள்வார்" என்பது பதிவு அல்ல. தேதி, மணி, இடம், சொன்ன சொல், கண்டவர் பெயர் ஆகியவையே பதிவு.

படி 7: பாதிக்கப்பட்டவர் நீங்கள் என்றால்

கப்பலில் புகார் கொடுக்கும் வழி பொதுவாகத் துறைத் தலைவர், அவருக்கு மேல் கேப்டன் என்று ஏறும். ஆனால் நேரடியாகக் கேப்டனிடமோ வெளி அதிகாரிகளிடமோ போக உங்களுக்கு எப்போதும் உரிமை உண்டு. புகார் கொடுக்கும்போது துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவதை உடன்படிக்கை தடை செய்கிறது.

புகார் கேப்டன் மீதே என்றால்? அதற்குத்தான் கம்பெனியின் கரைப் பொறுப்பாளர் இருக்கிறார்; கப்பலில் டிபிஏ என்பார்கள். அவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்கும். இந்தப் பதவி வந்த கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. 1987 மார்ச் 6 அன்று ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற பயணிகள் கப்பல், முன்கதவு மூடப்படாமலேயே பெல்ஜியத்தின் ஜீப்ரூக துறைமுகத்தை விட்டுக் கிளம்பிக் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவை மூட வேண்டிய மாலுமி தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். கேப்டனின் சான்று ஓராண்டும் முதல் அதிகாரியின் சான்று இரண்டாண்டும் இடைநிறுத்தப்பட்டன. ஆனால் விசாரணை அத்தோடு நிற்கவில்லை. கதவு மூடியிருக்கிறதா என்று பிரிட்ஜிலேயே காட்டும் விளக்கு வேண்டும் என்று கேப்டன்கள் கேட்டதைக் கரை அலுவலகம் அலட்சியப்படுத்தியதும், நிர்வாகம் மேலிருந்து கீழ்வரை மெத்தனத்தில் ஊறியிருந்ததும் வெளியே வந்தன. கப்பலிலிருந்து நிர்வாகத்தின் உச்சிக்கு நேரடிக் கம்பி வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்து வலுத்தது. 1998 முதல் கட்டாயமான பாதுகாப்பு மேலாண்மை விதித்தொகுப்பில் அது டிபிஏ ஆனது.

இருந்தாலும் டிபிஏ சம்பளம் வாங்குவது கம்பெனியிடம்தான். ஆகவே அவரிடம் சொன்னதை எழுத்தில் சொல்லுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் கொடி நாட்டு நிர்வாகத்திடமும், துறைமுகத்தில் அந்த நாட்டு ஆய்வாளரிடமும் முறையிடலாம். துறைமுக ஆய்வாளர் உங்கள் பெயரை இரகசியமாக வைத்திருக்கக் கடமைப்பட்டவர். தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஐடிஎஃப்பின் ஆய்வாளர்களும், சீஃபேரர்ஹெல்ப் என்ற 24 மணி நேர இலவச உதவி இணைப்பும் உண்டு.

பாலியல் வன்கொடுமை என்றால் நேரம் மிக முக்கியம். முடிந்தால் மருத்துவப் பரிசோதனைக்கு முன் குளிக்காமல் இருப்பதும், உடைகளைத் துவைக்காமல் தனித்தனிக் காகிதப் பைகளில் வைப்பதும் உதவும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தேங்கித் தடயம் கெடும். தொலைமருத்துவ ஆலோசனையை உடனே கேளுங்கள். அறையை மாற்றக் கோருங்கள். இடம்பெயர வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவர் என்று வலியுறுத்துவதும் நியாயமே. கைபேசிச் செய்திகளை அழிக்காதீர்கள். இதையெல்லாம் செய்யாமல் விட்டிருந்தாலும் புகார் செல்லும். தாமதமான புகார் பொய்ப் புகார் அல்ல.

இந்த விஷயத்தில் சட்டம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதற்கு அமெரிக்கா எடுத்துக்காட்டு. பயிற்சிக் கப்பற்பணியில் வன்கொடுமைக்கு ஆளானதாக ஒரு மாணவி 2021இல் பெயர் வெளியிடாமல் எழுதியது பெரும் அதிர்வை உண்டாக்கியது. 2022 டிசம்பரில் சட்டமான திருத்தத்தின்படி, பாலியல் வன்கொடுமை அதிகாரபூர்வமாக உறுதிப்பட்டால் சான்றை ரத்து செய்தே ஆக வேண்டும். தொல்லை என்றால் இடைநிறுத்தமோ ரத்தோ செய்யலாம். புகார் வந்தும் அரசுக்குத் தெரிவிக்காத பொறுப்பாளருக்கு 50,000 டாலர் வரை அபராதம். அறைகளைத் திறக்கும் மாஸ்டர் சாவியை யார், எப்போது எடுத்தார் என்ற பதிவும் கட்டாயம். கடைசியில் சொன்ன அந்தச் சிறு விதி, நூறு சுவரொட்டிகளைவிட அதிகம் காக்கும் என்பது என் கணிப்பு.

படி 8: குற்றம் சாட்டப்பட்டவர் நீங்கள் என்றால்

முதலில், விசாரிப்பவர் யார் என்று கேளுங்கள். கம்பெனியின் ஒழுங்கு விசாரணையா, சான்றிதழ் அதிகாரியின் விசாரணையா, போலீஸா, பாதுகாப்பு விசாரணையா? 2010இல் நடைமுறைக்கு வந்த விபத்து விசாரணை விதித்தொகுப்பின்படி கடைசி வகையின் நோக்கம் காரணத்தைக் கண்டறிவது, பழி சுமத்துவது அல்ல. விசாரணையின் தன்மை என்ன, அடிப்படை என்ன என்று உங்களுக்குச் சொல்லப்பட வேண்டும். உங்கள் வாக்குமூலமே உங்களுக்கு எதிராகத் திரும்பக்கூடுமா என்பது பற்றி சட்ட ஆலோசனை பெறவும் வழி தரப்பட வேண்டும்.

கப்பல் உரிமையாளரின் காப்பீட்டுக் கழகம் அனுப்பும் வழக்கறிஞர் அன்பாகப் பேசுவார். அவர் உரிமையாளரின் வழக்கறிஞர். உங்கள் நலனும் உரிமையாளரின் நலனும் ஒரே திசையில் போகும்வரை சிக்கல் இல்லை. "இது தனிமனிதத் தவறு" என்று கம்பெனி சொல்லத் தொடங்கும் நாளில் உங்களுக்குத் தனி வழக்கறிஞர் வேண்டும். சங்கத்தில் இருந்தால் அங்கே முதலில் கேளுங்கள்.

பொய் சொல்லாதீர்கள், பதிவுகளைத் திருத்தாதீர்கள், உடன் பணிபுரிபவரிடம் "இப்படிச் சொல்" என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். மூலக் குற்றச்சாட்டு நிற்காமல் போய், மறைத்ததற்காக மட்டுமே தண்டனை பெற்றவர்கள் உண்டு. புரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்திடாதீர்கள். சான்றைத் தாமாக ஒப்படைத்துவிட்டால் விசாரணை இல்லாமல் முடியும் என்று யாராவது ஆசை காட்டினால், அது பெரும்பாலும் நிரந்தரமாகக் கைவிடுவதற்குச் சமம் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

படி 9: சான்றிதழ் விசாரணை நடக்கும் விதம்

தன் சான்றைப் பெற்றவர்கள் மீது வரும் புகார்களைப் பாரபட்சமின்றி விசாரிக்கவும், தேவைப்பட்டால் சான்றைத் திரும்பப் பெறவும், இடைநிறுத்தவும், ரத்து செய்யவும் ஒவ்வொரு நாடும் நடைமுறை வைத்திருக்க வேண்டும் என்கிறது எஸ்டிசிடபிள்யூ. நடைமுறையின் வடிவம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் கடலோரக் காவல்படை குற்றச்சாட்டைப் பதிவு செய்யும், நிர்வாகச் சட்ட நீதிபதி விசாரிப்பார், நிரூபிக்கும் பொறுப்பு காவல்படையுடையது. தீர்ப்பை எதிர்த்து 30 நாள்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது காவல்படைத் தலைவரிடமும், அங்கிருந்து தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்திடமும் போகலாம்.

குற்ற வழக்கில் கேட்பது போல ஐயத்துக்கு இடமற்ற நிரூபணம் இங்கே தேவையில்லை. எது அதிகம் நம்பத்தக்கது என்பதே அளவுகோல். அதனால்தான் நீதிமன்றத்தில் விடுதலையானவரும் சான்றை இழக்கிறார். 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் பாறையில் ஏறிய எக்ஸான் வால்டீஸ் கப்பலின் கேப்டன் ஜோசஃப் ஹேசல்வுட், குடித்துவிட்டுக் கப்பலை இயக்கியதாகக் கூறப்பட்ட குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். அலட்சியத்தால் எண்ணெய் கொட்டிய சிறு குற்றத்துக்கே தண்டனை கிடைத்தது. அவருடைய சான்று ஒன்பது மாதம் இடைநிறுத்தப்பட்டது. அதன் எதிரொலியாக வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டம், சான்று கேட்பவர்களின் சாலை வாகன ஓட்டுநர் பதிவையும் பார்க்கச் செய்தது. கரையில் குடித்துவிட்டுக் கார் ஓட்டியது கடலில் வேலையைக் கெடுக்கும் நிலை அப்போது வந்தது. மறுமுனையில் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல். 2012 ஜனவரி 13 அன்று 32 பேர் இறந்த அந்த விபத்தில் கேப்டன் ஃபிரான்செஸ்கோ ஸ்கெட்டினோவுக்கு 16 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மனித உயிரிழப்புக்குப் பத்து, கப்பலை விபத்துக்குள்ளாக்கியதற்கு ஐந்து, பயணிகளை விட்டுவிட்டு வெளியேறியதற்கு ஒன்று.

விசாரணைக்குப் போகும்போது கொண்டுபோக வேண்டியவை: லாக் பதிவின் நகல், உங்கள் பதிலின் நகல், ஓய்வுநேரப் பதிவுகள், அன்றைய கட்டளைகள், சாட்சிகளின் இருப்பிட விவரம். கடலோடிகள் சிதறிவிடுவார்கள், ஆறு மாதம் கழித்துத் தேடினால் சாட்சி வேறு பெருங்கடலில் இருப்பார். சைன் ஆஃப் ஆகும்முன் அவர்களிடம் கையெழுத்திட்ட எழுத்து வாக்குமூலம் வாங்கிவிடுங்கள்.

படி 10: இடைநிறுத்தத்துக்குப் பிறகு

இடைநிறுத்தக் காலத்தில் சான்று தேவைப்படும் எந்தப் பதவியிலும் பணிபுரியாதீர்கள், வேறு நாட்டின் சான்றைக் கொண்டும் முயலாதீர்கள். எண்டார்ஸ்மென்ட் கேட்கும் ஒவ்வொரு முறையும் கொடி நாடு சான்றை வழங்கிய நாட்டிடம் சரிபார்க்கும். நிலை அங்கே தெரிந்துவிடும். உரிய சான்று இல்லாதவரை அதிகாரியாக நிற்கவைத்த கம்பெனிக்கும் கேப்டனுக்கும் தண்டனை உண்டு என்பதால் அவர்களும் உங்களைக் காப்பாற்றமாட்டார்கள்.

காலம் முடிந்ததும் சான்று தானாகத் திரும்பும் என்று எண்ண வேண்டாம். பயிற்சி, மருத்துவச் சான்று, சிகிச்சை முடித்த ஆவணம் என்று நிபந்தனைகள் இருக்கலாம். ஆணையின் கடைசிப் பக்கத்தில் அவை எழுதப்பட்டிருக்கும். ரத்து செய்யப்பட்டவர்கள்கூடக் குறிப்பிட்ட காத்திருப்புக்குப் பிறகு புதிதாக விண்ணப்பிக்கப் பல நாடுகளில் வழி உண்டு. புதிய வேலைக்கான படிவத்தில் "உங்கள் சான்று எப்போதாவது இடைநிறுத்தப்பட்டதா" என்ற கேள்வி வந்தால் ஆம் என்று எழுதி, ஆணையின் நகலையும் நிபந்தனைகளை நிறைவேற்றிய ஆவணங்களையும் இணைத்து அனுப்புங்கள். இல்லை என்று எழுதினால், முடிந்துபோன பழைய விவகாரத்தின் மேல் புதிதாக ஒரு மோசடிக் குற்றச்சாட்டு ஏறும்.